அறுபத்து நாலும் பதினொண்ணும்

"போன மாசம் மின்னல் அறுபத்து நாலு வண்டி. நீங்க வெறும் பதினொண்ணு! என்ன அண்ணே இது?"

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பேனாவால் தட்டினார் மேனேஜரம்மா.

இல்லாதவர்களின் சக்கர நாற்காலிகளை இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனம் அது. பட்டறையில் இரண்டே மெக்கானிக்குகள். கைவேகத்தால் ஒருவருக்கு மின்னல் என்று பெயர். ஒரே நட்டை மூன்று தடவை முடுக்கிப் பார்ப்பதால் இன்னொருவருக்கு நட்டு.

மேனேஜரம்மா பெரிய கம்பெனியிலிருந்து வந்தவர். வந்த அன்றே, "தர்மம் பண்றோம்னு நினைக்காதீங்க, தொழில் பண்றோம்னு நினைங்க" என்று சொல்லிவிட்டார். நன்கொடை தருபவர்கள் கைதட்டினார்கள்.

"வண்டியை முழுசா கழட்டி மாட்டினாத்தான் மேடம் எனக்கு மனசு ஆறும்," என்றார் நட்டு.

"உங்க மனசை நான் அறிக்கையில எப்படிக் காட்டறது? சரி, அதை விடுங்க. மின்னல்கிட்ட வந்தவங்கள்ல பாதிப் பேர் மறுபடியும் அவர்கிட்டயே வர்றாங்க. உங்ககிட்ட ஒருத்தராவது திரும்பி வந்திருக்காங்களா?"

நட்டு யோசித்துப் பார்த்தார்.

"இல்ல மேடம்."

"பாத்தீங்களா! வாடிக்கையாளர் திரும்பி வரலைன்னா திருப்தி இல்லைன்னு அர்த்தம். எந்தத் தொழிலுக்கும் இதுதான் அரிச்சுவடி."

நட்டுவுக்கு என்னவோ சொல்லத் தோன்றியது. ஸ்பேனர் வசப்பட்ட அளவுக்கு அவருக்குப் பேச்சு வசப்பட்டதில்லை, பாவம்.

"இந்த மாசத்தோட நின்னுக்கோங்க அண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க."

"பொண்ணு காலேஜ்ல கடைசி வருஷம், மேடம்..."

"எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா?" என்றபடியே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

நட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவு வரை போனார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்." மேனேஜரம்மா குரலைத் தாழ்த்தினார். "கார்ல எங்க அப்பாவோட வீல்சேர் இருக்கு. போறதுக்குள்ள அதை மட்டும் பாத்துக் குடுத்துடுங்க. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல."

"மின்னல்கிட்ட குடுத்தா இப்பவே முடிச்சுடுவாரே, மேடம்?"

"ஐயோ, அவர் வேணவே வேணாம்! போன மாசம் டிரைவர்கிட்ட மூணு தடவை அவருக்குத்தான் குடுத்தனுப்பினேன். நாலு நாள் தாங்கல. நேத்து பிரேக் பிடிக்காம அப்பா விழ இருந்தார்!"

நட்டு கார்ச் சாவியை வாங்கிக்கொண்டார். சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"அப்போ அந்த அறுபத்து நாலுல மூணு நீங்கதானா, மேடம்?"