சீப்பில் இல்லாத முடி

றொஷேலுக்கு முடி உதிர்ந்ததைவிட, உதிர்ந்த முடி காணாமல் போனதுதான் பயமாக இருந்தது.

காலையில் தலைவாரிவிட்டுச் சீப்பை அலுமாரியில் வைப்பாள். தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து பார்த்தால் சீப்பில் ஒரு இழைகூட இருக்காது. தலையணையும் துடைத்தமாதிரிச் சுத்தம்.

அவளுடைய உச்சியில் அங்கங்கே முடி போய், தோல் வழுவழுவென்று மினுங்கியது. மயிர்த்துளைகூட இல்லை. ஓரமெல்லாம் எரியும். ஆஸ்பத்திரி டொக்டரம்மா துளித் தோலை வெட்டிச் சோதித்தார். வேர் தழும்பாகிப்போன இடத்தில் இனி முளைக்காது, மிச்சத்தையாவது ஊசியும் குளிசையும் காப்பாற்றும், இடையில் விடாதே என்றார்.

றொஷேல் விட்டுவிட்டாள். முடியை எடுத்து யாரோ செய்கிற செய்வினைக்குக் குளிசை கேட்குமா?

செய்வது யாரென்றும் கண்டுபிடித்துவிட்டாள். புருசன் றெனால்டின் தாய் மெற்றில்டா மாமி. செபமாலையும் கையுமாய்த் திரிகிற மனிசிதான். ஆனால் பொழுதுபடும் நேரம் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டு கீரிக் கடற்கரைக்குப் போகிறாள்.

அன்று றொஷேல் பின்னாலேயே போனாள். காற்று ஊளையிட்டது. எங்கோ ஒரு கழுதை கத்தி அடங்கியது. தாழம்பற்றைக்கு அடியில் மாமி குந்தியிருந்து மணலைத் தோண்டினாள். எதையோ போட்டு மூடி, மேலே சிலுவை கீறிவிட்டு எழுந்து போனாள்.

றொஷேல் ஓடிப்போய்த் தோண்டினாள். சுருள் சுருளாய் அவளுடைய முடி.

"அதை வை பிள்ளை."

மாமி பின்னால் நின்றாள்.

"உங்களுக்கு என்ன குறை செய்தனான்? ஏன் எனக்குச் சூனியம் வைக்கிறீங்கள்?" றொஷேல் முடியை அள்ளிக்கொண்டு எழுந்தாள். இப்போதே போய் றெனால்டிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

மாமி முக்காட்டை விலக்கிக் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். கொண்டை அப்படியே கையோடு வந்தது. மங்கல் வெளிச்சத்தில் வெறுந்தலை மினுங்கியது. றொஷேல் பதறிப் பின்வாங்கி மணலில் விழுந்தாள்.

"பயப்பிடாத. இந்த வருத்தம் எனக்கும் வந்தது," என்றாள் மாமி. "கொட்டின முடியைக் கண்டிட்டு, பேய் பிடிச்சிட்டுதெண்டு உன்ர மாமா என்னைக் கட்டிப்போட்டு அடிப்பிச்சவர். றெனால்டும் தேப்பனைப் போலதான். நீ குளிசையைப் போடு பிள்ளை. மருந்து கேக்குது, முடி இப்ப கொட்டுறேல்லை எண்டு சொல்லித்தான் பேயோட்டுறவனை அவன் கூட்டிவராமல் மறிச்சு வைச்சிருக்கிறன்."