முனியாண்டிப் பக்கம் திருப்பிய பெட்டி

மலாக்காவில் ரேடியோ கடை வைத்திருந்த சன்னாசி, தன் கித்தாரையும் ஆம்ப்ளிபயரையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ரப்பர் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்தார். அவசரகாலம் என்று வெள்ளைக்கார அரசு தொழிலாளர் குடியிருந்த லயங்களை முள்வேலிக்குள் மாற்றிய நாள்முதல், வெளியே ரப்பர் காட்டில் நின்ற காவல் தெய்வம் முனியாண்டியிடம் யாரையும் போக விடவில்லை.

"நாங்க விட்டுட்டுப் போயிட்டோம்னு நெனச்சிருப்பாரு அண்ணே. அவருக்குக் கேக்கணும்," என்றாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குஞ்சம்மா.

சன்னாசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதுகு திறந்த பெட்டியில் ஓசை முன்னும் பின்னும் போகும். முதுகு மூடியதில் முன்பக்கம்தான் உரத்துப் பாயும். அதற்குள் பதினாறு ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கர்கள் இரண்டை இணையாகப் பூட்டினால் எட்டு ஓம் ஆகும். ஆம்ப்ளிபயர் கேட்பதும் எட்டுதான்.

"ஆனா மூடுனதை வேலிப் பக்கம் திருப்புனா, உங்களுக்குச் சரியாக் கேக்காதுலா."

"நாங்க ரேடியோ கேட்டுக்குவோம். அவருக்கு யாரு இருக்கா?"

கூட்டம் பெட்டியின் முதுகைப் பார்த்து உட்கார்ந்தது. ஊரடங்கு நேரம் நெருங்கும்வரை சன்னாசி வாசித்தார். பிறகு ஆம்ப்ளிபயரை அணைத்து, பெட்டியின் வயரைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.

அப்போது பெட்டிக்குள் மணி ஒலித்தது. வேலிக்குள் வருமுன் முனியாண்டியின் மரத்தில் தோட்டத்து மக்கள் கட்டிவிட்டு வந்த வெண்கல மணியின் ஓசை அது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கைகூப்பினார்கள்.

சன்னாசி பெட்டியின் முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். வயர் அவர் கையில்தான் இருந்தது. இரண்டு ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்புகளும், யாரோ மூச்சு விடுவதுபோல், மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.