ஆல்பத்தில் இல்லாத புத்தகம்

பள்ளி நூலகத்தில், பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் இருந்த கலைக்களஞ்சியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. எஸ்தர் டீச்சர் அதைச் செல்போனில் படம் எடுத்து, பள்ளியின் இணைய ஆல்பத்தில் போட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு லைக்!

"உன் படம் ஒண்ணுகூட இல்லையே, தம்பி?" என்று எதிரே திறந்த அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த பறவைப் புத்தகத்தைக் கேட்டது.

பறவைப் புத்தகத்துக்கு முகம் வாடிவிட்டது. மேஜைமேல் இருந்த செல்போனிடம் கேட்டது: "எல்லாரையும் எடுத்த. என்னை மட்டும் ஏன் விட்டுட்ட? அட்டை கிழிஞ்சிருக்குன்னா?"

"நல்லா இருக்கே கதை! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டீச்சரும் நானும் படம் எடுக்க உன்னைத் தேடுறோம். நீ என்னைக்கு இடத்துல இருந்திருக்க? போன வாரம் அஞ்சாங்கிளாஸ் பாக்கியலட்சுமி வீட்டுல. அதுக்கு முந்தின வாரம் அவ தம்பி பைக்குள்ள. இன்னைக்குத்தான் வந்திருக்க, அதுக்குள்ள மூணு பேர் உன்னைக் கேட்டாச்சு."

பறவைப் புத்தகம் கூச்சத்தோடு தன் மரங்கொத்திப் பக்கத்துச் சாம்பார்க் கறையை மூடிக்கொண்டது.

பீரோவின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"தம்பி, பிள்ளைங்க பக்கத்தைத் திருப்பும்போது கூசுமா?"