மேடான் கப்பல்

சூலியா தெரு விடுதியின் கவுண்டர் மேசைக்குப் பின்னால் மார்த்தா இருப்புக்கொள்ளாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுப்பையோடு லீனா வந்ததும் எழுந்துவிட்டாள்.

“ரெண்டு நாளு தங்கணும்க்கா. அப்புறம் மேடானுக்குக் கப்பலு.”

“இந்தக் கவுண்டர் மேசையைப் பார்த்துக்கிட்டா ரூமு சும்மாவே தரலாம்லா. இந்தா சாவி. துணி வெளுக்கப் போட்டுட்டு வந்துடறேன்.”

பெரிய பையைத் தூக்கிக்கொண்டு மார்த்தா இறங்கினாள்.

மாலையாகியும் திரும்பவில்லை. எதிர்க்கடைச் சூசை எட்டிப் பார்த்தார்.

“மார்த்தா கெளம்பிட்டாளா?”

“துணி போடப் போயிருக்காங்க அண்ணே.”

“அவளும் மேடான் கப்பலுக்கு வந்தவதான்மா. போன தைப்பூசத்தப்ப, ரெண்டு நாளுன்னு வந்தா. அப்ப கவுண்டர்ல இருந்த பொண்ணு, ரொட்டி வாங்கிட்டு வரேன்னு இவகிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போனதுதான். முதலாளி ஈப்போவுல. சாவியை வாங்கிக்க ஆளு வந்தாதான் போகலாம்.”

சூசை போனதும், லீனா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.