ஜன்னலைச் சாத்து!

“பார்த்தியா, அவங்க ஊரு பூவும் ஏரியுமா கண்ணுல ஒத்திக்கலாம்போல இருக்கு. நீ நம்ம ஆலைப் புகையைப் பத்தி மூச்சு விடாதே, மானம் போயிடும்” என்று வகுப்புத் தலைவியின் காதைக் கடித்தார் டீச்சர்.

வீடியோ அழைப்பில் வெளிநாட்டுப் பள்ளிக்குத் தன் ஊரை அறிமுகப்படுத்திய தலைவி வெளுத்துக் கட்டினாள். பூங்கா, நூலகம், சுத்தமான காற்று!

திடீரென ஆலைச் சங்கு ஊதியது. அடுத்துப் புகை வருமே! வழக்கம்போல் பிள்ளைகள் பாய்ந்து ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

“போச்சு! காட்டிக் கொடுத்துட்டீங்களே!” டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“டீச்சர், நம்ம ஆலைக்கு இன்னைக்கு லீவு” என்றாள் தலைவி.

டீச்சர் திரையைப் பார்த்தார். அங்கேயும் பிள்ளைகள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் டீச்சரும் தலையில் கைவைத்திருந்தார்.