கிலோ கணக்கில் புரோகிராம்

உடையப்பன் எழுதிய புரோகிராம் இரண்டு கிலோ நானூறு கிராம் இருந்தது. நவமணி எழுதியது தொள்ளாயிரம்.

"கிளிப்பைக் கழற்றிட்டு வைம்மா," என்றார் மேனேஜர் கார்த்திகேசு. "எஸ்டேட்ல வாளி எடையைக் கழிச்சுட்டுத்தான் ரப்பர் பால் கணக்கு எழுதுவேன்."

கழற்றினாள். எண்ணூற்றுத் தொண்ணூறு.

ஈப்போவில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனி திறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நவமணியையும் உடையப்பனையும் ஒப்பந்தத்தில் எடுத்தபோது மணிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. மூன்று மாதத்துக்கு முன் பினாங்கிலிருக்கும் முதலாளி ராமசுப்பிரமணியன் அதை ஒழித்துவிட்டார். இனிமேல் செய்த வேலைக்குத்தான் காசு. கார்த்திகேசு அப்படித்தான் வந்து சொன்னார். அதே வாரம் கம்ப்யூட்டர் மெஷினும் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து இருவரும் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகேசு சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். செய்த வேலையை அளக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தராசு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கிலோவுக்கு இருநூறு வெள்ளி கூலி.

"சார், அவரு ஐந்நூறு தாள்ல எழுதினதை நான் இருநூறுக்குள்ள முடிச்சிருக்கேன். சின்னதா இருந்தாத்தான் நல்ல புரோகிராம்."

"பால் குறைச்சலா கொண்டு வர்றவங்களும் கெட்டிப் பாலுன்னுதான் சொல்லுவாங்க."

உடையப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தங்கச்சி, நீயும் கொஞ்சம் குண்டா எழுதுலா."

"உங்க எஸ்டேட்ல எங்கம்மா பாலு கொண்டு வந்தப்ப தண்ணி கலந்திருக்கான்னு பார்த்தீங்களே சார்? அண்ணன் புரோகிராமையும் பாருங்க."

"பாலுக்குக் கருவி இருந்துச்சு. இதுக்கு என்ன இருக்கு?"

"மெஷின்ல போட்டு ஓட்டிப் பார்க்கணும்."

"சிங்கப்பூர்லேருந்து சாமான் வரட்டும். ஓட்டலாம்."

நூற்று எழுபத்தெட்டு வெள்ளியை எண்ணிக் கொடுத்தார். குனோங் ராபாட்டில் அவள் இருந்த வீட்டு வாடகையே நூற்றைம்பது. நவமணி மேசைமேலிருந்த போனை இழுத்தாள்.

"முதலாளிகிட்டயே கேட்கிறேன்."

கார்த்திகேசு பதறி எழுந்துவிட்டார். "வேணாம்மா. அடுத்த மாசம் உனக்குக் கிலோவுக்கு முந்நூறு போடுறேன்."

இந்தக் கூத்து வெளியே தெரிந்துவிடும் என்று பயம் போல, என்று நினைத்துக்கொண்டாள். எண்ணைச் சுழற்றினாள்.

"முதலாளி, ஈப்போவிலேருந்து நவமணி. இங்க எங்க புரோகிராமைத் தராசுல போட்டுக் காசு குடுக்கறாங்க."

"தராசா? எதுக்கு? மெஷின்ல ஓடின புரோகிராமுக்கு மட்டும்தான் காசு, ஓடாததுக்கு ஒரு காசு கிடையாதுன்னு நான் மேனேஜர்கிட்ட சொல்லியிருந்தேனே."

நவமணி கையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தாள்.

"மூணு மாசமா ரெண்டு பேரோடதும் ஓடுதுன்னு அவரு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு. ஏன், ஓடலையா? ஓடலன்னா சொல்லு. இன்னிக்கே உங்க ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடறேன். பொய்க் கையெழுத்துப் போட்ட அந்த ஆளையும் சேர்த்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கார்த்திகேசு தட்டிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"கேட்கிறேன்ல? ஓடுதா, இல்லையா?"

"நல்லா ஓடுது முதலாளி," என்றாள் நவமணி. "எடைதான் கொஞ்சம் குறையுது."