பொறுப்பான அப்பா

"சொல்லவே கஷ்டமா இருக்கு சார். உங்க பொண்ணு கள்ளக் கையெழுத்து போட ஆரம்பிச்சிட்டா" என்றார் ஹம்சா மிஸ்.

தி. நகர் ஜவுளிக்கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, மூன்றாம் வகுப்புக் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த மாணிக்கவாசகத்துக்குச் சுருக்கென்றது. இதையா இங்கே கற்றுக்கொள்கிறார்கள்? பக்கத்தில் மகள் தீபிகா ஊமைக்கோட்டான் மாதிரி நின்றாள்.

மிஸ் ஹோம்வொர்க் டைரியைப் புரட்டினார். "ஜூன்லேர்ந்து ஒரு நாள் விடாம கையெழுத்து போட்டிருக்கீங்க. கிளாஸ்லயே உங்களை மாதிரி பொறுப்பான அப்பா கிடையாது. எவ்ளோ அழகான கையெழுத்து! ஆனா நேத்து இவ போட்டதைப் பாருங்க. கோழிக் கிறுக்கல்!"

மாணிக்கவாசகம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அதுவும் நான் போட்டதுதான் மிஸ். கடைக்குப் போற அவசரம்..."

"அவசரத்துல போட்டா இப்படியா மாறும்? பொண்ணைக் காப்பாத்தாதீங்க சார். இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போடுங்க. ஒத்துப் பார்த்துடலாம்."

பேனாவை வாங்கினார். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அந்த டைரியை அவர் கையால் தொட்டதே நேற்று ஒரு நாள்தான்.

ஜூன் மாதக் கையெழுத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, அனா ஆவன்னா பழகுகிற பிள்ளை மாதிரி வரையத் தொடங்கினார்.

தீபிகா அவர் காதருகே குனிந்தாள்.

"மெதுவாப்பா" என்று கிசுகிசுத்தாள். "கடைசியில கீழ ரெண்டு கோடு போடணும். மறந்துடாதீங்க."